இரண்டு புள்ளடிகளின் தொகுதி

மட்டக்களப்புப் பாராளுமன்றத் தொகுதி 1947 ஆகஸ்டில் தொடங்கி 1989 பெப்ரவரியில் முடிந்தது. முதல் மூன்று பொதுத் தேர்தல்களில் அது ஓர் உறுப்பினரைக் கொழும்புக்கு அனுப்பியது. 1960 மார்ச் முதல் இருவரை அனுப்பியது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் வாவிக்கரையில், இரு சமூகத்தவருக்கும் சபையில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ‘இரட்டை அங்கத்தவர் தொகுதி’ வகுக்கப்பட்டது. நாற்பத்தொரு ஆண்டுகளில் அந்த ஏற்பாடு பலமுறை பலித்தது, ஒருமுறை பிசகியது, கடைசியில் நாடு முழுவதற்கும் வந்த புதிய தேர்தல் முறைக்குள் கரைந்தது. பல சமூகங்கள் கலந்து வாழும் மண்ணில் பிரதிநிதித்துவத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு இலங்கை தேடிய விடைகள் பலவும் இந்த ஒரு தொகுதியின் கதையில் அடங்கியிருக்கின்றன.

வாவியும் இரு கரைகளும்

மட்டக்களப்பின் நிலத்தை வாவிதான் பிரிக்கிறது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளும் அந்த நீர்ப்பரப்புக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய மணல்நிலம் எழுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம் என்பதால் அந்தப் பெயர். மேற்கே ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. நகரமும் கச்சேரியும் பெரிய பாடசாலைகளும் சந்தைகளும் எழுவான்கரையில் அமைந்தன. வயலும் குளமும் காடும் படுவான்கரையில். எழுவான்கரையில் வீடும் படுவான்கரை வட்டையில் வயலும் வைத்திருந்த போடியார் குடும்பங்கள் இரு கரைக்கும் பாலமாக இருந்தன.

நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அங்கிருந்து மேற்கே போகும் பாதை இலுப்படிச்சேனை, ஆயித்தியமலை என்று ஊர் ஊராகத் தாண்டி உன்னிச்சைக் குளக்கட்டில் போய் ஏறும். அந்தக் குளத்து நீரில்தான் பெரும்போகமும் சிறுபோகமும் விளைகின்றன. மட்டக்களப்பு நகரத்தின் குடிநீரும் இப்போது அங்கிருந்தே குழாய்வழி வருகிறது. இன்றைய நிர்வாகப் பிரிப்பில் உன்னிச்சை, வவுணதீவைத் தலைமையிடமாகக் கொண்ட மண்முனை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. தேர்தல் பிரிப்பில் அது மட்டக்களப்பு நகரோடும் காத்தான்குடியோடும் ஏறாவூர் நகரோடும் ஒரே பிரிவுக்குள் வருகிறது. நகரத்துத் தமிழ்ப் படிப்பாளி, காத்தான்குடி முஸ்லிம் வணிகர், உன்னிச்சை வட்டையில் யானைக்குக் காவலிருக்கும் விவசாயி ஆகிய மூவரும் ஒரே தொகுதிக்காரர். தொகுதியின் இயல்பும் அதன் சிக்கலும் இந்தக் கூட்டிலிருந்தே தொடங்குகின்றன.

அரசாங்க சபைக் காலம்

வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை இலங்கைக்கு 1931 இல், டொனமூர் அரசியல் யாப்போடு வந்தது. இருபத்தொரு வயது நிறைந்த ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்தனர். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் உண்டு. அந்த நிறத்துக்குரிய தனிப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எழுத்தறியாதவரும் தவறின்றி வாக்களிக்கச் செய்த ஏற்பாடு அது.

இன்றைய மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்கள் அடங்கிய கிழக்கு மாகாணம் அரசாங்க சபையில் ‘மட்டக்களப்பு தெற்கு’, ‘திருகோணமலை–மட்டக்களப்பு’ என்ற இரண்டே தொகுதிகளைக் கொண்டிருந்தது. 1931 இல் மட்டக்களப்பு தெற்கிலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார், பின்னர் ‘சேர்’ பட்டம் பெற்றவர், போக்குவரத்து, பொது வேலைகள் அமைச்சரானார். 1936 இல் திருகோணமலை–மட்டக்களப்பிலிருந்து ஈ. ஆர். தம்பிமுத்து தெரிவானார். 1943 இல் அதே இடத்துக்கு வி. நல்லையா வந்தார்.

நல்லையாவின் பெயர் இலங்கை மொழி வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1944 மே மாதம் ஜே. ஆர். ஜயவர்தன, சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை அரசாங்க சபையில் கொண்டுவந்தார். அதில் தமிழையும் சேர்க்க வேண்டும் என்ற திருத்தத்தை முன்வைத்தவர் நல்லையா. திருத்தம் ஏற்கப்பட்டு, இரு மொழிக்கும் இடம்தரும் வடிவில் பிரேரணை நிறைவேறியது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தபோது, கிழக்கின் உறுப்பினர் ஒருவர் சபையில் பெற்றுத்தந்த அந்த இணக்கம் கைநழுவிப் போனது.

1947: தனித் தொகுதி

சோல்பரி யாப்பின் கீழ் 1946 இல் எல்லை நிர்ணய ஆணைக்குழு நாட்டை 89 தொகுதிகளாக வகுத்தது. அவற்றிலிருந்து 95 உறுப்பினர் தெரிவாக வேண்டும். கணக்குக்கு இரண்டு அளவுகோல்கள் இருந்தன: ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஓர் இடம், ஒவ்வோர் ஆயிரம் சதுர மைலுக்கும் ஓர் இடம். மக்கள் தொகையால் 70 இடங்களும் பரப்பளவால் 25 இடங்களும் வந்தன. மக்கள் ஐதாகப் பரந்து வாழ்ந்த மாகாணங்களுக்கு இந்த இரண்டாம் அளவுகோல் கைகொடுத்தது. மூன்று இலட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழ்ந்த கிழக்கு மாகாணம் அவ்வாறு ஏழு தொகுதிகளைப் பெற்றது: திருகோணமலை, மூதூர், கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, பொத்துவில்.

உன்னிச்சைக் காடும் வயலும் வெறும் நிலமாகக் கிடக்கவில்லை. ஆள் குறைந்த அந்தப் பரப்பும் சபை இடங்களைக் கூட்டித் தந்தது. கிழக்கின் ஏழு இடங்களில் நான்கு அதன் பரப்பளவுக்காகவே கிடைத்தவை.

1947 தேர்தலில் நிறங்கள் போய்ச் சின்னங்கள் வந்தன. வாக்கெடுப்பு ஒரே நாளில் முடியவில்லை. தொகுதிக்குத் தொகுதி வேறு வேறு நாள்களில் நடந்தது. மட்டக்களப்பின் முதல் உறுப்பினராக ஐக்கிய தேசியக் கட்சியின் அகமது லெப்பை சின்னலெப்பை தெரிவானார். 1952 இல் சுயேச்சையாக நின்ற ஆர். பி. கதிராமர் வென்றார். கட்சியைவிட ஆளின் செல்வாக்கும் குடும்பத் தொடர்பும் ஊர்ப்பெரியவர்களின் சொல்லும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த காலம் அது. ஓர் இடம் மட்டும் உள்ள தொகுதியில் ஒரு முறை முஸ்லிம் ஒருவரும் அடுத்த முறை தமிழர் ஒருவரும் வந்ததால், ஒவ்வொரு முறையும் ஒரு சமூகம் வெளியே நின்றது.

1956: கட்சி அலை

1949 டிசம்பரில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி 1956 தேர்தலில்தான் கிழக்கில் வேர்விட்டது. தெற்கில் ‘சிங்களம் மட்டும்’ முழக்கம் எழுந்திருந்த நேரம். வீட்டுச் சின்னத்தில் மட்டக்களப்பில் நின்ற செல்லையா இராசதுரை வென்றார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பத்திரிகையாளரும் மேடைப் பேச்சாளருமான அவரை மக்கள் ‘சொல்லின் செல்வர்’ என்றனர். பத்து இடங்களை வென்ற கட்சி, கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் வேட்பாளர்களை நிறுத்தி அங்கும் வென்றது. ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற ஒரு குடைக்குள் இரு சமூகத்தையும் கொண்டுவர முடியும் என்ற நம்பிக்கை அன்று உயிரோடிருந்தது. அந்த இரு முஸ்லிம் உறுப்பினரும் பின்னர் கட்சியை விட்டு விலகியதும் அந்தக் குடையில் முதல் கிழிசல் விழுந்தது.

தேர்தலுக்குப் பின் ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் பரவியது. பழைய ஒல்லாந்தர் கோட்டைக்குள் இயங்கிய கச்சேரியின் வாசலில் மக்கள் உட்கார்ந்தனர். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர்.

1960: இருவர் வந்த கதை

1959 இல் எல்லைகள் மீண்டும் வகுக்கப்பட்டன. நாடு 145 தொகுதிகளாகி, தெரிவாகும் உறுப்பினர் தொகை 151 ஆனது. வாக்களிக்கும் வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைந்தது. 1960 மார்ச்சில் முதன்முறையாக நாடெங்கும் ஒரே நாளில் வாக்கெடுப்பு நடந்தது.

இன, மத வழியில் ஒன்றுபட்ட சிறுபான்மையினர் கணிசமாக வாழும் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர் கொண்ட தொகுதியை அமைக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இருந்தது. கொழும்பு மத்தி 1947 முதலே மூவரை அனுப்பிவந்தது. 1959 வகுப்பில் கிழக்கில் மட்டக்களப்பும் மூதூரும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகளாயின.

இரட்டைத் தொகுதியின் சூட்சுமம் வாக்குச்சீட்டில் இருந்தது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். ஒன்றை ஒருவருக்கும் மற்றதை இன்னொருவருக்கும் அளிக்கலாம். விரும்பினால் இரண்டு புள்ளடியையும் ஒருவருக்கே இடலாம். அதிக வாக்குப் பெற்ற முதலிருவர் வெற்றியாளர்.

இதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். நூறு வாக்காளர் உள்ள தொகுதியில் அறுபது பேர் ஒரு சமூகம், நாற்பது பேர் மறு சமூகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே இடம் இருந்தால் அறுபதுதான் வெல்லும். இரண்டு இடம், இரண்டு வாக்கு என்றானதும் நாற்பது பேரும் தம் இரு வாக்கையும் ஒரே வேட்பாளருக்கு இட்டால் அவருக்கு எண்பது வாக்கு கிடைக்கும். அறுபது பேரின் நூற்றிருபது வாக்கும் இரண்டு வேட்பாளருக்குச் சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு அறுபது. எண்பது பெற்றவர் முதலாவதாக வருவார். சிறுபான்மையினர் சிதறாமல் நின்றால் அவர்களுக்கு ஓர் இடம் உறுதி. சிதறினால் அதுவும் போய்விடும்.

அந்த ஏற்பாடு 1960 இல் பலித்தது. இராசதுரையோடு, முன்பு கல்குடாவைப் பிரதிநிதித்துவம் செய்திருந்த ஏ. எச். மாக்கான் மாக்கார் இரண்டாவது உறுப்பினரானார். 1965 இல் இராசதுரையோடு அப்துல் லத்தீப் சின்னலெப்பை தெரிவானார். ஒரே தொகுதியில் ஒருவர் தமிழரசுக் கட்சி, மற்றவர் வேறு அணி. காத்தான்குடிக்காரர் தம் உறுப்பினரிடமும், வவுணதீவுக்காரர் தம் உறுப்பினரிடமும் போனார்கள். சட்டப்படி இருவரும் தொகுதி முழுவதற்கும் உரியவர்கள். நடைமுறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு மக்கள் வட்டம் அமைந்தது.

இதே காலத்தில் தொகுதியைச் சுற்றியிருந்த நிலமும் மாறியது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களால் தெற்கே புதிய மக்கள் வந்து சேர்ந்தனர். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமானது. கல்முனையும் பொத்துவிலும் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிந்து போயின. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்ற மூன்று தொகுதிகளே எஞ்சின.

1967 இல் மட்டக்களப்பு மாநகர சபையானபோது இராசதுரை அதன் முதல் மேயரானார்.

1970: கணக்குப் பிசகிய தேர்தல்

1970 இல் இரு இடங்களையும் தமிழரே பெற்றனர். சுயேச்சையாக நின்ற இராஜன் செல்வநாயகமும் தமிழரசுக் கட்சியின் இராசதுரையும் தெரிவாயினர். முஸ்லிம்களுக்கு இடம் கிடைப்பதற்காகவே வகுக்கப்பட்ட தொகுதியில் முஸ்லிம் உறுப்பினர் இல்லாமல் ஏழு ஆண்டுகள் கழிந்தன. இரட்டைத் தொகுதி ஒரு வாய்ப்பைத் தந்ததே தவிர உத்தரவாதம் தரவில்லை என்பது அப்போது வெளிச்சமானது. ஒவ்வொரு தேர்தலிலும் புள்ளடிகள் எப்படிப் பிரிகின்றன, எங்கே குவிகின்றன என்பதையே அது நம்பியிருந்தது.

உறுப்பினர் இல்லாமை ஏட்டளவிலான குறையாகவும் நிற்கவில்லை. 1974 இல் வந்த பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தின் கீழ், சிறு பாதை, மதகு, பாடசாலைக் கட்டடம், குளத்து வாய்க்கால் போன்ற வேலைகளுக்கான பணம் தொகுதி வாரியாகப் பிரிக்கப்பட்டது. எந்த ஊருக்கு எந்த வேலை என்ற பேச்சில் உறுப்பினரின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அரச வேலைக்கு எம்.பி.யின் கடிதம் தேடி இளைஞர் அலைந்த காலமும் அதுவே. வயலுக்கு நீர், காணிக்கு அனுமதிப்பத்திரம், பிள்ளைக்கு வேலை என்ற மூன்றுக்கும் வாவியைத் தாண்டி உறுப்பினரின் வாசலுக்குப் போக வேண்டியிருந்த படுவான்கரைக்காரருக்கு, அந்த வாசலில் யார் இருக்கிறார் என்பது பிழைப்போடு ஒட்டிய கேள்வி.

1977: ஒரே அணி, இரு சின்னங்கள்

1976 இல் எல்லைகள் மூன்றாம் முறை வகுக்கப்பட்டன. தொகுதிகள் 160, உறுப்பினர் 168. மட்டக்களப்பு இரட்டைத் தொகுதியாகவே நீடித்தது. பொத்துவிலும் அவ்வாறே ஆனது. அதே ஆண்டு மே மாதம் வட்டுக்கோட்டையில், தமிழரசுக் கட்சியும் அடங்கிய தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அதுவே பேச்சு.

மட்டக்களப்பில் அந்தத் தேர்தல் விசித்திரமான வடிவெடுத்தது. கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை நின்றார். அதே அணியிலிருந்து கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றார். ஒரே கொள்கை, ஒரே தலைமை, இரண்டு சின்னங்கள். கட்சிக்குள் தலைமையோடு இராசதுரைக்கு இருந்த மனக்கசப்பு இந்தப் போட்டியால் ஊரறிய வெளிப்பட்டது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் கல்வி அமைச்சராயிருந்த பதியுதீன் மஹ்மூத்தும் அங்கே களமிறங்கினார்.

இராசதுரை வென்றார். இரண்டாவது இடம் ஐக்கிய தேசியக் கட்சியின் டாக்டர் பரீத் மீராலெப்பைக்குக் கிடைத்தது. காசி ஆனந்தனும் பதியுதீன் மஹ்மூத்தும் தோற்றனர். தமிழ் வாக்குகள் இரு வேட்பாளருக்குப் பிரிந்த தேர்தலில் முஸ்லிம் ஒருவருக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

1978 நவம்பர் 23 இரவு கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கியது. மட்டக்களப்பில் தென்னந்தோப்புகள் சரிந்தன, கூரைகள் பறந்தன, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஊரே இடிந்து கிடந்த அந்த மாதங்களுக்குப் பின், 1979 மார்ச்சில் இராசதுரை ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறினார். பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். இந்து சமய, கலாசாரப் பொறுப்பும் அவரிடம் வந்தது. சுவாமி விபுலாநந்தரின் பெயரில் மட்டக்களப்பில் இசை நடனக் கல்லூரி உருவானது அவர் காலத்தில்தான். கட்சி மாறியதைத் துரோகம் என்று கண்டித்தவர்களும், அதனால் ஊருக்கு வந்த நன்மைகளை எண்ணிப் பார்த்தவர்களும் தொகுதியில் இருந்தனர். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

1982 டிசம்பர் 22 இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பால் அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுள் நீண்டது. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம், பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. அதை ஏற்க மறுத்துச் சபைக்குப் போகாதிருந்த கூட்டணி உறுப்பினர்கள் பதவியிழந்தனர். பக்கத்துப் பட்டிருப்புத் தொகுதியும் அவ்வாறு உறுப்பினரை இழந்தது. மட்டக்களப்பின் இரு உறுப்பினரும் ஆளும் கட்சியில் இருந்ததால் அதன் இடங்கள் வெறுமையாகவில்லை. ஆனால் சபையில் ஆள் இருந்தும் வெளியே போர் மூண்டிருந்தது. 1977 இல் தெரிவானவர்களே 1989 வரை, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள், தொகுதியின் பெயரைச் சுமந்தனர்.

1989: தொகுதி மாவட்டமானது

1978 யாப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. 160 தொகுதிகளின் இடத்தில் 22 தேர்தல் மாவட்டங்கள் வந்தன. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு மூன்றும் ஒன்றாகி, ஐந்து உறுப்பினர் கொண்ட மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டமாயின. கட்சி பெறும் வாக்கின் விகிதப்படி இடம்; கட்சிக்குள் யார் என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும்.

புதிய முறையின் முதல் பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரி 15 இல், இந்திய அமைதிப்படை கிழக்கில் நின்ற வேளையில் நடந்தது. பிரின்ஸ் காசிநாதர், சாம் தம்பிமுத்து, கோவிந்தன் கருணாகரம், பஷீர் சேகுதாவூத், எம். எல். ஏ. எம். ஹிஸ்புல்லா ஆகியோர் தெரிவாயினர். ஐவரில் இருவர் முஸ்லிம்கள். அங்கு போட்டியிட்ட கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் தோற்று, தேசியப்பட்டியல் வழியாகவே சபைக்குப் போனார். இரண்டு புள்ளடிகளால் தேடிய சமநிலையை விகிதாசாரம் வேறு வழியில் தந்தது. அதற்குக் கொடுத்த விலை, ‘எங்கள் எம்.பி.’ என்று ஓர் ஊர் சுட்டிக்காட்டக்கூடிய ஆள். ஐவரும் முழு மாவட்டத்துக்கும் உரியவர்கள் என்றானபின், வாக்குக் குறைந்த உட்கிராமத்துக்கு எவரும் தனியாகப் பொறுப்பில்லை.

போர்க்காலத்தில் இந்தத் தூரம் இன்னும் கூடியது. படுவான்கரையின் பெரும்பகுதி நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2004 பொதுத் தேர்தலில் அத்தகைய பகுதிகளின் மக்களுக்குக் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. சொந்த ஊர்ப் பாடசாலையில் இட வேண்டிய புள்ளடியை, சோதனைச் சாவடி தாண்டி வேறிடத்தில் இட வேண்டியிருந்தது. 2007 இல் அரச படைகள் அப்பகுதியைக் கைப்பற்றிய பின்னரே வாக்குப்பெட்டிகள் மீண்டும் ஊர்களுக்குள் போயின.

பெயராக எஞ்சியது

பழைய தொகுதி சட்டத்தில் வாக்கெண்ணும் பிரிவாக மட்டும் தொடர்கிறது. இலங்கையின் 12 ஆம் தேர்தல் மாவட்டமான மட்டக்களப்பில் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்ற மூன்று பிரிவுகள். 1976 இல் வரையப்பட்ட எல்லைகளே அவற்றுக்கு அடித்தளம். தேர்தல் இரவில் முடிவுகள் அந்தப் பெயர்களிலேயே வெளியாகின்றன. 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி நாட்டின் மற்ற எல்லா மாவட்டங்களிலும் முதலிடம் பெற்றபோது, மட்டக்களப்பில் மட்டும் தமிழரசுக் கட்சி முந்தியது. அதற்கு மூன்று இடம், தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று.

இரட்டைத் தொகுதியின் எண்ணம் முழுதாக மறையவில்லை. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் வட்டார முறை திரும்பியபோது, கலந்து வாழும் ஊர்களுக்காகப் பல அங்கத்தவர் வட்டாரங்களும் வகுக்கப்பட்டன. பொதுத் தேர்தலில் ஐந்து பேருக்குரிய மாவட்டத்தில் ஒருவராக வாக்களிக்கும் உன்னிச்சை விவசாயி, மண்முனை மேற்குப் பிரதேச சபைத் தேர்தலில் மட்டும் தன் வட்டாரத்துக்கென்று ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்கிறார். பாராளுமன்றத்தில் 1989 இல் அறுந்துபோன அந்தத் தொடர்பு, வாய்க்காலும் பாதையும் பேசப்படும் சிறு சபையளவில் மீண்டும் அவர் கைக்கு வந்திருக்கிறது.